எஃப் வரிசை

எஃப் என்றுதான் சொன்னாள். என் காதால் கேட்டேன், எஃப்பேதான். ஸ்டெல்லா அக்கா சொன்னது அப்படியே வந்துவிட்டது. பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைத் திருப்பினதும் முதல் கேள்வியே நாம் படித்த கேள்வியாக இருந்தால் வயிற்றில் ஒரு குளுமை இறங்குமே, அந்தக் குளுமை இந்த வயதில், திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரி ரூமில் எனக்கு இறங்கியது என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். "சார், இங்கிலீஷ்ல எஃப் எழுத்துல ஆரம்பிக்கிற வார்த்தைங்க எவ்வளவு முடியுமோ அவ்வளவு சொல்லுங்க. ஆள் பேரு, ஊர் பேரு வேணாம். ஒரு நிமிஷம் டைம்" என்று அந்தப் பெண் செல்போனை மேஜைமேல் வைத்தாள். டாக்டரில்லை, சைக்காலஜிஸ்ட். ஷமீமா என்று கதவில் எழுதியிருக்கிறது. என் மகனைவிடச் சின்னவளாக இருப்பாள், தலையில் போட்ட துணி நழுவாமல் பின் குத்தியிருக்கிறாள், முகத்தில் ஒரு சாந்தம். என்னை உள்ளே உட்கார விட்டதே பெரிய விஷயம். "நீங்க இருக்கலாம்மா, ஆனா எடுத்துக் குடுக்கக் கூடாது, சரியா?" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எடுத்துக் கொடுப்பதா, அதையெல்லாம் வீட்டிலேயே முடித்துவிட்டுத்தானே பஸ் ஏறினோம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சார் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். சார் என்றால் என் வீட்டுக்காரர். புதுக்கோட்டை டுட்டோரியல் காலேஜில் இங்கிலீஷ் எடுத்த அருளானந்து சார். பத்தாவதில் இங்கிலீஷில் கோட்டைவிட்ட கூட்டமெல்லாம் அவரிடம்தான் போய் விழும். நானும் அப்படி விழுந்தவள்தான், விழுந்தவள் எழுந்திருக்கவில்லை, அவரையே கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கட்டிக்கொண்ட பிறகும் வாயில் சார்தான் வந்தது. என் மாமியார் முகத்தைச் சுளித்துச் சுளித்து அலுத்துப்போனார். கடைசியில் சாரே தன் அம்மாவிடம், "விடும்மா, வேற மாதிரி கூப்பிட்டா எனக்கே திரும்பத் தோணாது" என்று முடித்துவைத்தார்.

"ஸ்டார்ட் சார்" என்றாள். "ஃபிஷ், மீன். ஃபயர், நெருப்பு. ஃபூட், உணவு. ஃபாஸ்ட், நோன்பு." வந்துவிட்டது, நான் கோத்துக் கொடுத்த வரிசையிலேயே வருகிறது. "சார், அர்த்தம் வேணாம், வார்த்தை மட்டும் போதும்" என்றாள் அந்தப் பெண். அவர் கேட்டால்தானே. வீட்டில் நானும் இதையேதான் படித்துப் படித்துச் சொன்னேன், அர்த்தம் சொல்லச் சொல்ல நேரம் ஓடிவிடும் சார், அங்கே வார்த்தைக்குத்தான் மார்க்காம் என்று. "அர்த்தம் இல்லாம வார்த்தையைச் சொல்றவன் அடுத்தவன் வீட்டுப் பாத்திரத்தைத் தூக்கிட்டுப் போறவன்" என்று சொல்லிவிட்டார். ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது, வாய் மட்டும் போகவில்லை. எழுத்துக்கூட்டிச் சொல்வதையாவது நிறுத்த வைத்தேனே, இல்லாவிட்டால் எஃப் ஐ எஸ் ஹெச் ஃபிஷ், ஃபிஷ்னா மீன் என்று இழுத்திருப்பார். அந்த ராகம் டுட்டோரியலை ஒட்டியிருந்த டீக்கடைக்காரருக்கே பாடம். ஃபிஷ்ஷை முதலில் வைத்தது என் யோசனை. வெள்ளிக்கிழமை மீன் வாங்குகிறோம், ஃபிஷ். அடுப்பைப் பற்றவைக்கிறோம், ஃபயர். ஆக்கினால் ஃபூட், ஆக்காமல் தவக்காலம் என்று இருந்தால் ஃபாஸ்ட். அப்படியே கோயில், கோயில் என்றால் ஃபாதர், பிறகு ஃபீஸ்ட், கொடியேற்றம் ஃப்ளாக், தேருக்கு ஃப்ளவர். காய் நறுக்கும்போது சொல்லிக்கொடுத்தேன், குளிக்க வெந்நீர் விளாவும்போது கேட்டேன், பூசைக்கு நடந்து போகிற வழியில் திரும்பக் கேட்டேன். ஒருநாள் தேங்காய்க்காரி நின்று பார்த்துவிட்டு, "சாருக்கே டியூஷனா டீச்சரம்மா?" என்று கேலி பண்ணினாள். சிரித்துச் சமாளித்தேன், வீட்டுக்கு வந்து கொல்லைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுதுவிட்டு மறுபடி ஃபிஷ்ஷிலிருந்து ஆரம்பித்தேன்.

"ஃபாதர், தந்தை." இல்லை, சாமியார் என்று சொல்லிக்கொடுத்தேன், தந்தையும் சரிதான், பரவாயில்லை, அர்த்தத்துக்குத்தான் மார்க்கே இல்லையே. ஏன் இப்படி மார்க் மார்க் என்று அடித்துக்கொள்கிறேன்? ஸ்டெல்லா அக்காதான் காரணம். பக்கத்துத் தெரு. அவள் வீட்டுக்காரர் தஸ்நேவிஸ் அண்ணனையும் இதே மாதிரி உட்கார வைத்து இதையெல்லாம் கேட்டார்களாம். கடிகாரம் வரையச் சொன்னார்களாம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்களாம், எஃப் வார்த்தை சொல்லச் சொன்னார்களாம். அண்ணன் ரயில்வேயில் பெரிய வேலை பார்த்தவர், ஃபேன் என்று சொல்லிவிட்டு மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். ரிப்போர்ட் வந்தது. பிள்ளைகள் வந்தார்கள், பேசினார்கள், அண்ணனைத் தஞ்சாவூர் ரோட்டில் ஒரு ஹோமில் விட்டார்கள், அக்காளைச் சின்ன மகன் கூட்டிக்கொண்டு போனான். "ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை போய்ப் பாக்குறேன் எமல்டா, யாரோ விருந்தாளி வந்த மாதிரி என்னை உக்காரச் சொல்றாரு" என்று சொன்னாள். அதைக் கேட்ட ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. எங்கள் மகன் ஜெரால்டு ஓசூரில் இருக்கிறான், நல்லவன்தான், தங்கமான பிள்ளை. "டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்மா, அப்பாவை எங்க வச்சிக்கிறது, உன்னை எங்க வச்சிக்கிறதுன்னு அப்புறம் பேசுவோம்" என்றான் போனில். அப்பாவை எங்கே, உன்னை எங்கே. அவன் யோசிக்காமல் சொன்னான், எனக்குத் தெரியும், ஆனால் அந்த ரெண்டு 'எங்க' முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது, சோற்றை உருட்டி விழுங்கினாலும் இறங்கமாட்டேன் என்கிறது. ரெண்டு எங்கே எதற்குடா, ஒரு எங்கே போதாதா? சார் பாஸ் பண்ணிவிட்டால் எங்கேயும் வேண்டாம், எங்கள் வீடு, எங்கள் அடுப்பு, எங்கள் ஃபிஷ், எங்கள் ஃபயர். பாஸ் பண்ண வைக்கத் தெரியாதா எனக்கு? முக்கிய வினாக்களை வைத்துக் குடும்பம் நடத்தினவர் பொண்டாட்டி நான். எது வரும், எது வராது, எதை விடலாம், எதை மனப்பாடமாக ஒப்பிக்கணும் என்று சொல்லிக்கொடுத்துத்தானே பாதி ஜில்லாவை அவர் கரையேற்றினார்.

"ஃபீஸ்ட், திருவிழா. ஃப்ளாக், கொடி. ஃப்ளவர், பூ." குரல் கணீரென்று வருகிறது. வகுப்பில் நிற்கிற குரல். அந்தப் பெண் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே புருவத்தை உயர்த்துகிறாள், பிடித்துப்போய்விட்டது அவளுக்கு. பிடிக்காமல் என்ன, அப்படி ஒரு குரல். அந்தக் குரலுக்குத்தான் கோயிலில் பைபிள் வாசகம் படிக்கக் கொடுப்பார்கள். போன ஈஸ்டர் முடிந்து ஒரு ஞாயிறு, படித்தார், "இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு" என்றார், எல்லாரும் "இறைவா உமக்கு நன்றி" என்றோம், இறங்கி வரவேண்டியதுதானே, வரவில்லை, பக்கத்தைப் பார்த்தார், முதலிலிருந்து மறுபடியும் படித்தார். அதே கணீர். ஒரு சொல் பிசகவில்லை. முடிந்ததும் ஜனங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துவிட்டு மறுபடியும் இறைவா உமக்கு நன்றி என்றார்கள், பாவம், என்ன செய்வார்கள். நான்தான் சத்தமாகச் சொன்னேன். பூசை முடிந்து பங்குச் சாமியாரிடம் போய், கண்ணாடி மாற்றணும் ஃபாதர், பக்கம் சரியாகத் தெரியவில்லை என்று பொய் சொன்னேன். அதற்கப்புறம் வாசகம் வருவதில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மறுபடி தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார், நான் ஒரு கரண்டி சோறு வைத்து ரசம் ஊற்றுவேன், இப்பதானே சாப்பிட்டீங்க என்று ஒருநாளும் சொன்னதில்லை. வாசலில் யாராவது வந்தால் அவருக்கு முன்னால் நான் ஓடிப்போய், "வா சகாயம், தச்சு வேலைக்கு இப்பவும் போறியா, உன் மகள் ஜென்சி எப்படி இருக்கா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லுவேன். அது சகாயத்துக்குச் சொல்வதில்லை. நாற்காலியில் இருக்கிறவருக்கு. அவர் உடனே, "என்ன சகாயம், ஜென்சி என்ன படிக்கிறா?" என்பார், சகாயம் பூரித்துப் போவான், சாருக்கு என்ன ஞாபகம் பாருங்க என்று. ஆமாம் என்ன ஞாபகம். எல்லாம் என் தொண்டையில் இருக்கிற ஞாபகம். இருக்கட்டுமே. ஒருத்தர் ஞாபகத்தில் ரெண்டு பேர் பிழைக்கக் கூடாதா? ஒரு சோற்றுப் பானையில் பிழைக்கிறோம்.

"ஃபெய்த், விசுவாசம். ஃபேமிலி, குடும்பம்." பெரிய டாக்டர் என்ன சொன்னார், அதை ஏன் நான் நினைக்கமாட்டேன் என்கிறேன், நினைக்கப் போனால் மனசு முரண்டுபிடித்துத் திரும்பிக்கொள்கிறது. ஸ்கேனில் பெரிசாக ஒன்றும் தெரியவில்லை என்றார். "நோயா, இல்ல வயசாயிட்டதால வர்ற மறதியான்னு இந்த டெஸ்ட்லதாம்மா பிடிபடும். நோய்னா மாத்திரைய இப்பவே ஆரம்பிச்சிடலாம், போறதை முழுசா நிறுத்த முடியாது, கொஞ்சம் தள்ளிப்போடலாம். டெஸ்ட் நல்லா இருந்தா ஒண்ணும் வேணாம், அடுத்த வருஷம் வாங்க பாக்கலாம்." அடுத்த வருஷம். இந்த ஒரு வருஷத்தில் சகாயம் யாரென்பது போய்விட்டது, பங்குச் சாமியார் பெயர் போய்விட்டது, மத்தியானச் சாப்பாடு போய்விட்டது. அடுத்த வருஷத்துக்குள் என்னென்ன போகும்? அதை நான் படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்து நிறுத்திவிடுவேனா? பேசாமல் இரு எமல்டா, பாஸாகட்டும். பாஸானால் மாத்திரை இல்லை. ஃபெயிலானால் ஹோம். பாஸானால் வீடு, வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாக அவர் இல்லாமல் போவார், என் கண் முன்னால், நான் ரசம் ஊற்றிக்கொண்டே இருப்பேன். என்ன பரீட்சையடா இது, எந்தப் பக்கம் மார்க் வாங்கினாலும் உருப்படாது. மாதாவே, அவர் நல்லா ஒப்பிக்கணும் என்று காலையில் மெழுகுவர்த்தி ஏற்றினேனே, அதைத் திரும்ப அணைக்க முடியுமா? இங்கிருந்து பார்த்தால் அவர் காதுக்குப் பின்னால் முடி சரியாக வெட்டாமல் நிற்கிறது. அவரே போய் வெட்டிக்கொள்வார் முன்பெல்லாம். இப்போது நான் கூடப் போய் கடை வாசலில் நிற்கிறேன்.

"ஃபீல்ட், வயல். ஃபாரஸ்ட், காடு. ஃபிரெண்ட், நண்பன்." நான் விட்டது விட்டபடியே வருகிறது. ஃபீவரை விட்டேன், ஃப்யூனரலை விட்டேன், அபசகுனமான வார்த்தைகள் வேண்டாம் என்று. ஃபர்கெட்டையும் விட்டேன். வாயில் வந்ததுதான், வந்த வேகத்தில் முழுங்கிவிட்டு ஃபிரெண்டுக்குத் தாவினேன், அவரும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் இங்கிலீஷ் எடுத்தவருக்கு நான் விட்ட வார்த்தை ஒன்றுகூடத் தானாக வரவில்லையே, ஃபாதர் சொன்ன வாய்க்கு ஃபுட் வரவில்லையே, கால், அவர் கால் ரெண்டும் மேஜைக்கடியில் ஒட்டியிருக்கிறது, கண்டிப்பான வாத்தியாரிடம் மாட்டின பையன் மாதிரி. முன்பெல்லாம் ஒரு எழுத்தைக் கொடுத்தால் கொட்டுவார். எழுத்துக் குடும்பம் என்பார் அதை. ஒரே எழுத்துகள் கூடியிருக்கிற வார்த்தைகளை ஒரு வீட்டு ஆட்கள் மாதிரி பலகையில் வரிசையாக எழுதிப் போடுவார். ஜி ஹெச் டி வீடு ஒருநாள். லைட் வெளிச்சம், நைட் இரவு, ஃபைட் சண்டை, ஃப்ரைட் திகில், டாட்டர் மகள். நான் டவுக்டர் என்று வாசித்தேன், வகுப்பே சிரித்தது, நான் பெஞ்சில் குனிந்துகொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "எழுதியிருக்கிறதை அப்படியே நம்பிப் படிச்சிருக்கா, அது தப்பில்ல, இங்கிலீஷ்காரன்தான் எழுதினதை நம்பாதவன்" என்று சொன்னார். அன்றைக்குத்தான் அவரைப் பிடித்தது எனக்கு. மகள் பிறக்கவில்லை எங்களுக்கு, அது வேறு கதை, ஜெரால்டு மட்டும்தான். இப்போது எதற்கு அதெல்லாம், ஃபிரெண்டோடு முடிந்துவிட்டது, நான் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான், ஃபிரெண்டுக்கு அப்புறம் ஒன்றுமில்லை. நேரம் இருக்கிறதா இன்னும்? செல்போனில் நம்பர் ஓடுகிறது. அவர் வாய் திறந்தபடி நிற்கிறது. கையால் முழங்காலைத் தேய்க்கிறார். என் நாக்கில் ஃபுட் நிற்கிறது, ஃபேஸ் நிற்கிறது, ஃபிங்கர், ஃபோர், ஃபைவ், ஏழு ஜென்மத்துக்கும் ஏறாது என்று என் அப்பா கைகழுவின இங்கிலீஷ் எல்லாம் ஓடிவந்து என் பல்லில் முட்டுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஃப்ரைட்" என்றார். "திகில்."

நான் சொல்லிக்கொடுக்கவில்லை அதை. சத்தியமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அத்தனை வார்த்தையும் என்னுடையது, அது ஒன்றுதான் அவருடையது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார், அர்த்தத்தைப் பிறகு சேர்த்தாரே, அதை வகுப்புக் குரலில் சொல்லவில்லை, தாழ்ந்து வந்தது. உங்களுக்குத் தெரியுமா சார், அப்படியானால்? தெரிந்துதான் இருந்தீர்களா இத்தனை நாளும்? ரசச் சோற்றை உருட்டிச் சாப்பிட்டபோதும், சகாயத்திடம் ஜென்சியை விசாரித்தபோதும் தெரிந்துதானா? நான் உங்களுக்குத் தெரியாமல் தாங்கிப்பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நீங்கள் எனக்குத் தெரியாமல் பயந்துகொண்டிருந்தீர்களா, ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு? ஐயோ. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்க எனக்கு வாயில்லை, நான்தான் அந்த இடத்தில் ஃபிஷ்ஷும் ஃப்ளவரும் அடைத்து வைத்தேனே. செல்போன் மணியடித்தது. அந்தப் பெண் அதை நிறுத்தினாள்.

"சூப்பர் சார்! இந்த வயசுல இவ்வளவு வார்த்தை, அதுவும் அர்த்தத்தோட! நல்ல ஸ்கோர்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கம்மா, வீட்ல எப்படி இருக்காரு? தினப்படி விஷயத்துல ஏதாவது கஷ்டம் தெரியுதா?"

ஒன்றுமில்லைங்க, நல்லாத்தான் இருக்கார். இதுதான் நாக்கில் முதலில் வந்தது, பழகின நாக்கு. சொல்லிவிட்டால் மத்தியான பஸ்ஸுக்குப் போய்விடலாம். கீரனூர் தாண்டும்போது ஜெரால்டுக்குப் போன் போட்டு அப்பா பாஸ் என்று சொல்லலாம். சார் மறுபடி முன்னால் திரும்பிவிட்டார், காதுக்குப் பின்னால் அந்த முடி. அவர் எதிரில் எப்படிச் சொல்வது, பலகையில் எழுதினவரைப் பலகைக்கு முன்னால் நிற்கவைத்து எப்படிச் சொல்வது. வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லலாமா? வெளியே அனுப்பினால் வெளியே தனியாக உட்கார்ந்திருப்பாரே, அந்தத் திகிலோடு. வேண்டாம். இனிமேல் அவருக்குத் தெரியாமல் ஒன்றும் வேண்டாம்.

"நான் சொல்லிக்கொடுத்தேங்க" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "எஃப்தான் கேப்பீங்கன்னு ஒருத்தங்க சொன்னாங்க. ஒரு வாரமா காலையிலயும் சாயங்காலமும் மனப்பாடம் பண்ண வச்சேன். கடிகாரமும் அப்படித்தான், வரைஞ்சு வரைஞ்சு பழக்கினேன். வீட்ல நல்லா இல்லீங்க மேடம். சாப்பிட்டது தெரியல அவருக்கு. ஆள் தெரியல, நான் பேரை எடுத்துக் குடுக்குறேன். கோயில்ல படிச்சதையே படிச்சாரு. ரெண்டு பேரையும் பிரிச்சிருவாங்களோன்னுதான்..." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டாள். திட்டவில்லை. மேஜைக்கு மேலே கையை நீட்டி, தொடலாமா வேண்டாமா என்று பாதியில் நிறுத்தினாள். நான் சாரைத்தான் பார்த்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன், அவமானத்தில் எழுந்துவிடுவார் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. முழங்காலைத் தேய்த்த கை நின்றிருந்தது.

"அம்மா" என்றார் அவளிடம். "இந்த எழுத்து எமல்டா எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அவ மார்க்கை எனக்குப் போடாதீங்க. வேற எழுத்து குடுங்க."

"இன்னொரு நாள் வச்சிக்கலாம் சார், இன்னிக்கு டயர்டா இருப்பீங்க."

"இல்லம்மா, இன்னிக்கே. இன்னொரு நாள்னா அதுக்குள்ள அதையும் படிக்கவச்சிருவா." அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு முட்டியது, சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

அவள் தாளைத் திருப்பினாள். "எஸ்" என்றாள். "ஸ்டார்ட் சார்."

எஸ். ஸ்கூல், ஸ்லேட், சன், ஸ்டார், சிஸ்டர், சோப்பு கூட எஸ்தான், எல்லாம் எனக்கு வருகிறது, கூடை கூடையாக வருகிறது, இந்தப் பாழாய்ப்போன மண்டைக்கு இன்றைக்கென்று பார்த்து. உதட்டை மடித்துப் பல்லுக்கடியில் வைத்துக்கொண்டேன். எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஒரு எழுத்துகூடக் கொடுக்கக் கூடாது எமல்டா. "ஸ்கை" என்றார் அவர், "வானம்." நல்லது. "சீ, கடல்." அப்படித்தான் சார். பிறகு நின்றது. ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தன் கையைத் திருப்பிப் பார்த்தார், அதில் எழுதியிருக்கிற மாதிரி. "உப்பு" என்றார். "உப்புக்கு ஒண்ணு இருக்கு. உப்பு... உப்பு." அர்த்தம் வந்துவிட்டது, வார்த்தை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தேடினார், நெற்றியில் வேர்த்தது, ஏசி ரூமில் அவருக்கு வேர்த்தது, துடைக்கக்கூட நான் எழுந்திருக்கவில்லை, நாற்காலியின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணைத் திறந்தார். என் பக்கம் திரும்பவில்லை, திரும்பினால் நான் கொடுத்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

"இவ்வளவுதாம்மா வருது" என்றார் அந்தப் பெண்ணிடம். "இதை எழுதிக்கங்க."